மணிக்கு எவ்வளவு

தாம்பெரேயில் நவம்பர் மாதம்
மூன்றரை மணிக்கே கடையைக் கட்டிவிடும் சூரியன்.
மிச்சப் பொழுதுக்கு
அவரவர் எதையாவது கொளுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

நான் புத்தகம் வாங்கினேன்.
நானூறு பக்கம், முதுகில் பொன்னெழுத்து,
மோந்தால் மையும் பசையும்.
உள்ளே ஒரு பேரரசு:
அதன் வரி விகிதம், அதன் இருபத்து மூன்று சாமிகள்,
மழைக்காலத்தில் அங்கே தவளைகளுக்கு
என்னென்ன பெயர் என்பது வரைக்கும்.
நூற்றுப் பத்தொன்பது யூரோ.
மூன்று வருடம் முன்பே கட்டிய பணம்.

பெட்டி வந்து இறங்கிய அன்று
ஆட வருகிறேன் என்று சத்தியம் செய்த சம்ப்ஸா
ஓஸ்லோவுக்கு வேலை மாறிப் போயிருந்தான்.
யர்க்கோவுக்கு இரட்டைக் குழந்தைகள்.

பிறகு இரண்டாம் பாகம் தள்ளுபடியில் வந்தது.
விடுவேனா?
பாதி விலை என்றால் பாதி நஷ்டம் என்று
எடுத்துச் சொல்ல அன்று ஆளில்லை.

தெர்ஹி பகலில் டிராம் ஓட்டுநர்,
வியாழன் இரவுகளில் எங்கள் நடத்துநர்.
ஹெர்வந்தா பழம்பொருள் சந்தையில்
ஒற்றைக் கையுறைகளுக்கு அடியில் கிடந்ததாம்
அவளுடைய புத்தகம்.
இரண்டு யூரோ. நாற்பது பக்கம்.
அதிலும் முப்பத்தொன்றாம் தாளைக் காணோம்;
கோபுரத்தின் கடைசிக் கதவுக்குப் பின்னால் என்ன என்பது
அந்தத் தாளோடு போயிற்று.
வரைபடத்தின் நடுவில்
எவரோ கோப்பை வைத்த காபி வட்டம்.

அதை ஏரி என்றாள்.

ஒன்பது வருடமாய் அந்த ஏரியில் படகு விடுகிறோம்.
ஜன்னலுக்கு வெளியே நிஜ ஏரி உறைந்து கிடக்கும்;
மேசைமேல் அலை அடிக்கும்.
ஓரம் சிதைந்த ஒரே பகடை,
உருட்டினால் பெரும்பாலும் மூன்றுதான் விழும்.
மூன்றுக்குப் பயந்து பயந்தே
இத்தனை தந்திரசாலிகள் ஆனோம்.

ரைலிக்கு வரி அலுவலகத்தில் வேலை.
ஒருநாள் பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தில்
கணக்குப் போட்டாள்:
வருடத்துக்கு நாற்பது வியாழன், இரவுக்கு மூன்று மணி,
ஆயிரத்து எண்பது மணி நேரம், இரண்டு யூரோ.
மணிக்கு ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.
'இப்போது உன்னுடையதைச் சொல்.'

சொன்னேன்.
ஆடிய மணி?
பூஜ்யம்.
பென்சிலைக் கீழே வைத்தாள்.
'பூஜ்யத்தால் வகுக்க முடியாது.'

ஆனால் ரைலி, நான் அதைப் படித்தேனே.
காய்ச்சலில் கிடந்த ஐந்து ராத்திரி
அந்தப் பேரரசில்தான் எனக்கு வியர்த்தது.
மருந்துச் சீட்டில் நாள் மறந்தது,
தவளைகள் மறக்கவில்லை:
கொறுங்கன், சேற்றரசி, இருமுறை, கிழிந்தகுடை...
ஏழையும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை.
தெர்ஹி விளக்கைக் கொஞ்சம் தணித்தாள்.
'படகுக்கு இடப்புறம்,' என்றாள்,
'தண்ணீரில் ஏழு ஜோடிக் கண்கள்.
பெயர் தெரிந்தவர்களை மட்டும்
கரையேற விடுமாம்.'

அன்றைக்கு வீடு திரும்ப மணி இரண்டு.
பனியில் செருப்புத் தடம்கூடக் கேட்காத அமைதி.
நடந்துகொண்டே மனக்கணக்கு:
நானூறு பக்கத்தில் உதவியது அரைப் பக்கம்.
நூற்றுப் பத்தொன்பதை ஏழால் வகுத்தால்
தவளைக்குப் பதினேழு யூரோ,
மீதி இல்லை.
உலகத்தில் இவ்வளவு விலை கொடுத்து
யாரும் தவளை வாங்கியிருக்க மாட்டார்கள்.
அதில் ஒன்றையும்
திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

அடுத்த வியாழன் கதவைத் திறந்ததும்
தெர்ஹி கேட்டாள்:
'அந்த இரண்டாம் பாகத்தில் என்ன இருக்கிறது?'

மேலுறை இன்னும் பிரிக்கவில்லை என்றேன்.

'கத்தி அங்கே, ரொட்டிக்குப் பக்கத்தில்.'