ஒலுமடுப் பிரசங்கம்

சனி இரவு முழுக்க எழுதினேன்.
கிருபாதாரபலி, ஒப்புரவாக்குதல், மகிமைப்பிரதாபம்.
ஒவ்வொரு சொல்லும் இறையியல் கல்லூரி மண்டபம் போல,
உள்ளே போனால் எதிரொலிக்கும்.
இங்கே சபைக்குத் தகரக் கூரை.
பத்து மணிக்கே கொதிக்கும்.

ஆராதனை முடிய
செருப்புத் தேடுகிற சாட்டில் நின்றாள் பியூலா.
கிழமை நாட்களில் மிதிவெடி அகற்றுகிறவள்,
முழங்காலில் இருந்து
மண்ணை விரல் விரலாய் வாசிக்கிறவள்.
"ஐயா, பலி எண்டு சொன்னீங்கள்,
அதில ஆரும் செத்ததோ?"

ஓம் என்றேன்.
தலையாட்டினாள்.
பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மாங்குளம் போகிற வழியில் அவளுடைய ஆட்கள் நட்ட பலகை.
சிவப்பு. ஒரு மண்டையோட்டுப் படம்.
கவனம் மிதிவெடி.
எத்தனை தரம் அதைக் கடந்து போயிருப்பேன்,
ஒருநாளும் விளக்கவுரை தேடவில்லை.
மாடு சாய்க்கிற பொடியன் எழுத்துக்கூட்டிப் பார்த்து
அந்தப் பக்கம் இறங்காமல் திரும்புகிறான்,
உயிரோடு.

அடுத்த ஞாயிறு தாள் கொண்டு போகவில்லை.
"அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவை" என்று தொடங்கினேன்.
விசிறிக்கொண்டிருந்த பாட்டுப் புத்தகங்கள் நின்றன.
"அடிச்சவை.
தாய் பாத்துக்கொண்டு நிண்டவ.
செத்துப்போனார்."
இதுவரைக்கும் தடக்காமல் வந்தது.
இந்த ஊருக்கு இதில் ஒரு சொல்லும் புதிதில்லை.

பிறகுதான் சிக்கல்.
உயிர்த்தெழுந்தார் என்பதை வாய்க்குள் உருட்டி
"மூண்டாம் நாள் திரும்பி வந்தார்" என்றேன்.

குணமணியக்கா தலை நிமிர்ந்தா.
மகனின் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு
கச்சேரி கச்சேரியாய் அலைகிறவ.
வாசலைப் பார்த்தா.
பிறகு முழுச் சபையும் பார்த்தது.
நானும்.

வாசலில் வெயில். ஒரு நாய்.

மகிமைப்பிரதாபம் என்றிருந்தால்
ஒருவரும் அங்கே பார்த்திருக்க மாட்டார்கள்.
அதற்காகத்தான் அந்தச் சொல்லை
இவ்வளவு காலமும் கூடவே வைத்திருந்தேன் போல.

ஆமென் வரவில்லை.
இறங்கிப் போய்
வாங்கில் அவவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.
மூன்று வருடமாய் நான்தான் அவவுக்குப் போதகர்.
"பிள்ளைக்கு என்ன பேர் அக்கா?"

"ஜெபநேசன்" என்றா.
கொஞ்சம் பொறுத்து,
"வீட்டில நேசன்."