ஒன்றேகால் பல்

தண்டையார்பேட்டை. மாடியில் எங்கள் லேப்.
கீழே பஞ்சர் கடை. தெரு முனையில்
துறைமுகத்துக்கு வரிசை கட்டிய டிரெய்லர்கள்
நகராமல் உறுமிக்கொண்டிருக்கின்றன.

சிர்கோனியா இப்போது வெறும் சாக்பீஸ்.
நகத்தால் கீறினால் மாவாகும்.
வட்டின் விளிம்பில் அச்சடித்திருக்கிறது: 1.247.
அத்தனை மடங்கு பெரிதாகக் கடைந்தால்தான்
சூளை எடுத்துக்கொண்டது போக
தேசப்பன் வாய்க்கு மிஞ்சும்.

தேசப்பன்
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
நண்டுக் காலைக் கடித்ததில்
கடைவாய்ப் பல் பிளந்தது.
டாக்டர் சீட்டில் நிறம் குறித்திருந்தார்,
டீயும் பீடியும் கலந்த ஒரு மஞ்சள்.

குட்டி மணிகள் பரப்பிய தட்டில்
பல்லை வைத்தேன்.
சுருங்குகிற பொருளுக்கு நகர இடம் வேண்டும்,
அடி ஒட்டிக்கொண்டால் கோணிவிடும்.
மணிகள் உருண்டு வழிவிடும்.

ஆயிரம் டிகிரி தாண்டியதும்
துகளோடு துகள் கழுத்துக் கட்டும்.
நடுவிலிருந்த காற்று
எந்தச் சந்து வழியாகப் போனதோ.
ஆயிரத்து ஐந்நூறில் இரண்டு மணி நேரம்.
கூட நின்றால்
துகள்கள் ஒன்றை ஒன்று தின்று பெருக்கும்.
பெருத்தவற்றை நம்ப முடியாது.

ஆறத் தொடங்கிய நேரம்
கரண்ட் போனது.
'வியாசர்பாடி வரைக்கும் இல்லக்கா'
கீழிருந்து நாகூர்கனி கத்தினான்.
சூளையின் எண்கள் அணைந்துவிட்டன.
உள்ளே எத்தனை டிகிரி?
கதவருகே புறங்கையை நீட்டிப் பார்த்தேன்.
திறக்கக் கூடாது. அது ஒன்றுதான் தெரியும்.
கொசு, இருட்டு, நான்.

சுத்த சிர்கோனியா என்றால்
ஆறும்போது உள்ளே உருமாறி, உப்பி,
தன்னைத் தானே உடைத்துக்கொண்டிருக்கும்.
நூற்றுக்கு மூன்று பங்கு இட்ரியா
அதைத் தடுத்து வைத்திருக்கிறது:
சூட்டில் உட்கார்ந்தபடியே
குளிரிலும் உட்கார்ந்திரு, பிறகு பார்க்கலாம்.

விடிந்து வெகு நேரம் கழித்துத் திறந்தேன்.
டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சுண்டினால் 'கிண்'.
அச்சில் உட்காரவைத்தேன்.
உட்கார்ந்தது.

மாலையில் டாக்டர் போன் செய்தார்:
'துளி உயரம், தேய்த்துவிட்டேன்.
நண்டு சாப்பிடலாமா என்று கேட்கிறார்.'

சாப்பிடட்டும்.
என்றைக்கோ ஒரு கடியில்
மயிரிழை விரிசல் ஒன்று கிளம்பும்.
அதன் முனையில் இருக்கிற துகள்கள்
அத்தனை நாள் அடக்கிய உருமாற்றத்தை
அப்போது முடித்துக்கொள்ளும்.
கொஞ்சம் உப்பும்.
இரண்டு பக்கமும் நெருக்கி
விரிசலை நிறுத்தும்.

அது நடக்கிற நாள்
எனக்குத் தெரியப்போவதில்லை,
தேசப்பனுக்கும்.
அவர் பாட்டுக்கு
அடுத்த காலை எடுப்பார்.