பாலம் ஒதுங்கும் ஊர்

மணி அடித்தது. கம்பிக் கதவு மூடியது.
நடுப்பாலத்தில் மாட்டிக்கொண்டோம்,
பதினேழு பேரும் ஓர் ஆடும்.

வில்லம்ஸ்டாடில் இந்தப் பாலத்துக்குக் கால்கள் கிடையாது.
படகுகளின் முதுகில் படுத்திருக்கும்.
கப்பல் வந்தால் கதவுபோலத் திறந்து
கரையோரம் ஒதுங்கும், ஏறியவர்களோடு.
ஆரஞ்சுக் கொடி என்றால் கொஞ்ச நேரம்,
நீலம் என்றால் உட்கார்ந்துவிடலாம்.

நீலம்தான்.

பலகாரக் கூடையை இறக்கினாள் ருத்மிலா.
மதெய்ராக் கடைக்காரர்
கடிகாரத்தைப் போர்த்துக்கீசில் திட்டினார்.
வெனிசுவேலாப் பையன்
மாம்பழத்தைத் தோலோடு கடித்தான்.
யூதப் பெரியவர் ஒருவர்
செருப்பைக் கழற்றி
ஜெபக்கூடத்து மணலை உதறினார்.

காற்றுக்கு இங்கே ஒரே திசை.
அது தலைவாரிய பக்கமே சாய்ந்து வளர்கின்றன
திவிதிவி மரங்கள்.
உப்பளத்தில் பூநாரைகள் இருக்கின்றன, போய்ப் பார் என்றார்கள்.
எனக்கு விடுப்பு ஆறு மணி வரைதான்.

சூடாக ஒன்றை என் கையில் வைத்து
‘தூஷி’ என்றாள் ருத்மிலா.
பகீரென்றது.
என் மொழியில் அது வசை.
அவளுடையதில் இனிப்பு, கண்ணே, நல்ல காற்று,
கடலில் குளித்தபின் வரும் பசி,
எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமாம்.
ஆட்டையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

ஆறு மணி.
மேல்தளத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன்.
மஞ்சளும் ஊதாவுமாய் வீடுகள்
எங்கள் எண்ணெய்க் கப்பலின் அலையில் நெளிந்தன.
ஒதுங்கிய பாலத்தில் ஒரு கூட்டம்.
இந்தமுறை தாமதம் என்னால்.

அத்தனை பேர் முன்னாலும்
கைகளைக் குவித்துக் கத்தினாள்
அந்த வசையை.

நானும் திருப்பித் திட்டினேன்,
தொண்டை கிழிய.