கொடிக்குச்சி

ஆளுக்கு இரண்டு கொடி என்றார்கள்.
ஒன்று நம்முடையது, கோடும் பிறையும்.
மற்றது சிவப்பு,
ஒரு பெரிய நட்சத்திரம்,
ஓரமாய் ஒதுங்கி நிற்கும் நான்கு.
வலக்கையில் எது என்று
சூப்பர்வைசர் அஸ்மானுக்கே தெரியவில்லை.
போன் போட்டுக் கேட்டார்.
பதில் வருவதற்குள் மழை வந்துவிட்டது.

புக்கிட் கெலாடிக்கு யாரும்
எங்களைப் பார்க்க வந்ததில்லை.
இப்போது வருவதும் ரயிலைப் பார்க்கத்தான்.
செம்பனையைச் சாய்த்துவிட்டு ஊன்றிய தூண்களை
எண்ணிக்கொண்டே வேலைக்குப் போவேன்.
நாற்பத்தொன்றில் கேண்டீன் வரும்.
முந்நூறு பேருக்குச் சோறு.
அவர்கள் சமையல்காரர் லியூ
மிளகாய்க்குப் பயப்படாத ஆள்.
என் சாம்பாரில் சர்க்கரை போட்டதை மட்டும்
நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பேசிக்கொள்வது போன் வழியாக.
அவர் சொன்னால் அது மலாயில் சொல்லும்,
நான் சொன்னால் சீனத்தில்.
ஒருநாள் உங்கள் ஊர் எப்படி என்று கேட்டேன்.
"அம்மா செத்தபோது கதவைத் திறக்கவிடவில்லை"
என்றது போன்,
மழை வரும் என்று சொல்கிற அதே குரலில்.
லியூ வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடி எனக்கும் புதிதில்லை.
அந்த ஜூலையில் தோட்டத்தைச் சுற்றி
முள்கம்பி போட்டிருந்தார்கள்.
வீட்டுக்காரருக்கு லாரி இல்லை.
எனக்குக் கையுறைத் தொழிற்சாலை இல்லை.
தாலிக்கொடி மெந்தகாப் அடகுக்கடையில்.
பால்மாவு டின்னின் அடியைக்
கரண்டி தட்டிய இரவு
தலையணை உறையைக் கழற்றித் துவைத்தேன்.
கேட்கிறதுதான் கேட்கிறோம்,
அழுக்காய்க் கேட்க வேண்டாம் என்றோ என்னவோ.
துணிக்கொடியிலேயே மாட்டினேன், ரோட்டுப் பக்கமாய்.
தெரியாதவர்களுக்கு அது காயப்போட்ட துணி.

ஆ சூன் கடையிலிருந்து அரிசி வந்தது.
கம்பத்திலிருந்து முட்டை,
யார் கொடுத்தது என்று சொல்லாமல்.
அடுத்த வாரம் டேவானில் ஊசி,
பெட்டியில் சீன எழுத்து.
"சீனா சாமான், தாங்குமா?" என்றாள்
பின்னால் நின்ற பெர்னதெத்.
தாங்கியது.
"நம்ம ஊரு ஊசி வரலியா" என்றார் மாமனார்.
எது நம்ம ஊர் என்று நான் கேட்கவில்லை.
இரண்டாம் ஊசிக்கு அவருக்குத் தேதி வந்தது.
அவர்தான் இல்லை.

எழுந்து வரும் வல்லரசு என்கிறார்கள் வானொலியில்.
நானும்தான் நாலரைக்கு எழுகிறேன்.
சம்பளம் தேதி தவறாமல் வருகிறது,
அதைச் சொல்லாவிட்டால் நாக்கு அழுகிவிடும்.
தாலிக்கொடியை மீட்டாயிற்று.
தூணுக்குத் தோண்டிய மண் கால்வாயை அடைத்து
பின்வரிசை வீடுகளில் கட்டில்வரை தண்ணீர் ஏறியது,
அதைச் சொல்லாவிட்டாலும் அழுகிவிடும்.

பதினொரு கார். கண்ணாடியெல்லாம் கறுப்பு.
நாற்பது விநாடி.
எந்தக் கையில் எதைப் பிடித்தேன் என்று
யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.
லியூ வெளியே வரவில்லை.
"சோறு காத்திருக்காது" என்றது அவர் போன்.

அப்புறம் அட்டைப்பெட்டியோடு வந்து
கொடிகளைத் திருப்பிக் கேட்டார்கள்.
ஈரத் துணியை உருவிக் கொடுத்தேன்.
குச்சியைக் கொடுக்கவில்லை.
நல்ல மூங்கில், இரண்டு.
பின்வாசலில் அவரை போட்டிருக்கிறேன்,
பற்ற ஒன்றும் கிடைக்காமல்
மண்ணில் துழாவிக்கொண்டு கிடந்தது.
ஊன்றிவிட்டேன்.

இன்று நாலரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஒரு சுற்று ஏறியிருக்கிறது கொடி.
எந்தக் குச்சி எந்த நாட்டினுடையது என்று
அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை.
வேலைக்கு நேரமாகிவிட்டது.
தூண் ஒன்று,
தூண் இரண்டு.