மீள் எண்

எர்ணாவூர் குடியிருப்பு, சி பிளாக்.
தூணின் வெள்ளையைச் சுரண்டிவிட்டு
சுத்தியின் மூக்கை வைத்து அழுத்துகிறேன்.
உள்ளே ஒரு சுருள்வில் அறைந்து திரும்பும்.
எவ்வளவு திரும்புகிறதோ
அவ்வளவு உயிர் காங்கிரீட்டில்.
முப்பதைத் தாண்டினால் நிம்மதி.
இருபத்திரண்டு. இருபது. பத்தொன்பது.
உப்புக்காற்று உள்ளே போய்
கம்பியைத் துருவாக ஊதவைத்திருக்கிறது.

"இன்னா மேடம், பெயிலா?"
தேசம்மாள். மூன்றாம் மாடி.
முழங்கையில் செதிள் இன்னும் காயவில்லை.

டேப்லெட்டில் கேள்வி பதினான்கு:
நில அதிர்வை உணர்ந்ததுண்டா?
"தெனம்."
துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி போகையில்
அலமாரி டம்ளர்கள்
ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்.
மொட்டைமாடியில் நாங்கள் வைத்த கருவியும்
நேற்றிரவு லாரிகளைத்தான் எழுதியிருக்கிறது,
நானூற்றுப் பன்னிரண்டு.
அவற்றுக்கு அடியில், எறும்பு நடையாய்,
அந்தமான் பக்கம் ஒரு பாறைத்தட்டு
இன்னொன்றின் கீழ் நழுவிய தகவல்
இருந்திருக்கலாம்.
வடிகட்டிப் பார்த்தேன்.
லாரிகள்.

கேள்வி இருபத்தொன்று:
எச்சரிக்கை வந்தால் எந்தப் பக்கம் போவீர்கள்?
அவள் என்னையே கேட்கிறாள்:
"நெலம் ஆடினா கீழ எறங்கணும்.
கடல் வந்தா மேல ஏறணும்.
அந்த ஞாயித்துக்கெழம ரெண்டும் வந்துச்சே.
காலைல கட்டில் ஆடிச்சு.
அப்புறம் ரெண்டரை மணி நேரம்
ஒண்ணுமே இல்ல.
டீ குடிச்சோம், எறா எட போட்டோம்."
எடை போட்ட தராசு
பிறகு கிடைக்கவே இல்லையாம்.
அந்த இரண்டரை மணி நேரத்துக்கு
படிவத்தில் கட்டம் இல்லை.

வீட்டில் நடக்க முடியாதவர்: ஒருவர்.
வேதாசலம், வலப்பக்கம் விழுந்துவிட்டது,
கண்ணால் வணக்கம் சொல்கிறார்.
தூக்க ஆள் உண்டா? ஆம், இல்லை.
"ஆம்பளைங்க ராத்திரி கடல்ல.
ஆழத்துல அலை வந்தா
தூக்கி எறக்கிட்டுப் போய்டும், தெரியக்கூடத் தெரியாது.
மாட்டிக்கறது நாங்கதான்."
'இல்லை'யைத் தொட்டேன்.

சேமிப்பு இல்லை, காப்பீடு இல்லை,
பட்டா இன்னும் வரவில்லை.
மீள்திறன், ஐந்துக்கு: ஒன்று.
டேப்லெட் தானே கணக்குப் போட்டுவிட்டது.

கிளம்பும்போது பார்த்தேன்.
ஸ்டான்லிக்குப் போகும் நாளாம்.
பிளாஸ்டிக் நாற்காலி,
நான்கு காலிலும் வலைக்கயிறு,
மும்தாஜ், ஜெசிந்தா, நாகவள்ளி, இவள்.
யாரும் ஒன்று இரண்டு சொல்லவில்லை.
நாற்பத்தெட்டுப் படியில்
உடைந்த ஆறாவதை
குனிந்து பார்க்காமலே தாண்டினார்கள்.
இரண்டாம் மாடி வளைவில்
கேஸ் சிலிண்டரைத் தொடாமல்
ஜெசிந்தாவும் மும்தாஜும் கை மாற்ற
வேதாசலத்தின் துண்டு கூட நழுவவில்லை.

நான்கு நிமிடம் பத்து நொடி.
என் கைபேசியில் இருக்கிறது,
அனுப்ப இடமில்லாமல்.

தூணில் சாக்பீஸால் 19 எழுதி வட்டமிட்டேன்.
ஆட்டோவில் அவரை ஏற்றிவிட்டு வந்து
தேசம்மாள் கேட்டாள்:
"இத அழிச்சா போய்டுமா?"
போகாது என்றேன்.
"அப்ப அழிக்காத. பெருசா எழுது.
பட்டா தர்றதுக்கு வருவான் ஒருத்தன்,
அவன் பாக்கட்டும்."
எழுதிக்கொண்டிருக்கும்போதே
தூண் என் உள்ளங்கையில் லேசாக நடுங்கியது.
மேலே டம்ளர்கள்.

நானூற்றுப் பதின்மூன்று.