இரண்டு காலும் தரையில்

பாகூர் சாலையில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள்,
போகிற வருகிற சக்கரமெல்லாம்
கூலியில்லாமல் போரடித்துத் தரட்டும் என்று.
நாற்பதில் வந்திருந்தால்
உளுந்து உடைந்திருக்கும்.
நான் நூற்றிப்பத்தில் வந்தேன்.

கிருமாம்பாக்கம் ஆஸ்பத்திரியில்
காலுக்குள் ஒரு கம்பி, ஆறு திருகாணி.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து மர்லேன் சொன்னாள்:
"இப்பத்தான் உன் வண்டிக்கு ஏத்த ஆளு. பாதி இரும்பு."
அதற்கப்புறம் பதினோரு நாள் பேசவில்லை.

பழிபோட ஆள் தேடினேன்.
செடி போட்டவன், கொம்யூன் பஞ்சாயத்து,
எரியாத தெருவிளக்கு.
(பகல் பதினொன்றரை மணி.)

படுத்துக் கிடப்பவனுக்கு மின்விசிறிதான் துணை.
ஐந்தில் வைத்தால் உத்தரமே ஆடும்,
மூன்றில் வைத்தால் காற்றும் வரும், தூக்கமும் வரும்.
ஒரு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தத்துவமெல்லாம் இல்லை.
ரெகுலேட்டர் கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

வண்டியை வாங்கக் குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒருவன் வந்தான்.
பெயர் இளம்பரிதி.
மீசை இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை.
டேங்க்கில் கீறல், கைப்பிடி கோணல், மாற்றிய ஃபோர்க்,
எல்லாம் காட்டினேன்.
காலையும் காட்டினேன்.
கைலியை முழங்காலுக்குத் தூக்கி
தையலை எண்ணச் சொன்னேன்.
எண்ணினான். இருபத்தாறு.
"அண்ணே, மூணாவது கியர்ல இழுப்பு எப்படி?"

பொய் சொல்லியிருக்கலாம்.
"செமயா இருக்கும்" என்றது வாய்.
என் ஹெல்மெட்டைக் கேட்டான். அது ஒருமுறை செத்தது, வேண்டாம் என்றேன்.
நாலாயிரம் குறைத்துக்கொண்டேன்:
புதுசு வாங்கு, ரசீதை அனுப்பு.
ரசீது வரவில்லை.

மரப்பாலத்துக் கடையில்
விற்பனைப் பையன் குதிரைத்திறனில் ஆரம்பித்தான்.
நான் ஏறி உட்கார்ந்து பார்த்தது ஒன்றுதான்,
இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிறதா.
வலதுகால் ஒரு விரற்கடை குட்டை. அதற்கும் சேர்த்துப் படவேண்டும்.
பட்டது.
நூற்றிருபத்தைந்து சிசி, சாம்பல் நிறம்.
பால்காரர், எல்ஐசி ஏஜெண்ட், கணக்கு வாத்தியார்
எல்லோரும் வைத்திருக்கிற அதே வண்டி.
"ஃபேமிலி பைக் சார்" என்றான், துக்கம் விசாரிப்பதுபோல.
மர்லேன் பின்சீட்டைத் தட்டிப் பார்த்தாள்.
பழைய வண்டியில் அது ஒரு உள்ளங்கை அகலம்.
உட்கார்ந்தால், மன்னிப்புக் கேட்பவள்போல
என் முதுகில் குனிந்தே வரவேண்டும், ஆறு வருடமாய்.

வெட்கமாகத்தான் இருந்தது.
அரியாங்குப்பம் பாலத்தில் ஐஸ்பெட்டி கட்டிய மீன்வண்டி முந்தியது.
முள்ளோடைக்கு முன்னால்,
சனிக்கிழமைச் சரக்கோடு ஊர் திரும்பும் கடலூர்க்காரர்கள்
மூன்று பேர், ஒரே மொபெட்டில்,
என்னை முந்திக்கொண்டு கையசைத்தார்கள்.
மணிக்கட்டு பழசை மறக்காமல் முறுக்கும்.
வண்டி "ஆகட்டும், பார்க்கலாம்" என்று
அரசாங்க ஆபீஸ்போல எடுத்துக்கொள்ளும்.

முந்தும்முன் கண்ணாடியில் ஒருதரம்,
தலையைத் திருப்பி ஒருதரம்.
முன்னால் போகும் லாரி புளியமரத்தைத் தாண்டியபின்
மூன்று எண்ணித்தான் நான் தாண்டவேண்டும்.
சில நாள் இரண்டரைக்கே வந்துவிடுகிறேன்.

பங்குனியில் மறுபடி சாலையில் செடி.
இருபதில் ஏறினேன்.
நெற்றுகள் நொறுங்கின. முழங்காலும் ஒருதரம் சொடுக்கியது.
எந்தச் சத்தம் எதனுடையது என்று தெரியவில்லை.
முறத்தோடு நின்றவள் கத்தினாள்:
"ஓரமெல்லாம் ஒடஞ்சிடுச்சி, நடுவுல ஏத்து!"
நடுவில் ஏற்றினேன்.

தாண்டி வந்ததும் பின்னால் அந்தச் சத்தம்.
அரை மைல் தூரத்திலேயே எனக்குத் தெரியும்.
ஆரஞ்சு நிறம், கோணல் கைப்பிடி,
என் பழைய எண்.
ஹெல்மெட் போட்டிருந்தான், அதைப் பார்த்தேன்.
அடுத்த விரிப்பு வளைவுக்கு அப்பால்.
வளைவுக்கு முன்னால்
பிரேக் விளக்கு எரிந்ததா,
வெயில் பட்டு மின்னியதா,
எரிந்தது என்றுதான்
மர்லேனிடம் சொன்னேன்.