இடதுகால் செருப்பு

மண்டபத்தில், தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே
நண்டுக் கம்பெனி.
கரண்ட் பில் ஏன் இப்படி ஏறுகிறதென்று பார்க்க
என்னைக் கூப்பிட்டிருந்தார் நைனார் முகமது.
"எங்கேயோ குளிர் ஒழுகுது.
அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

உள்ளே பதினெட்டு டிகிரி. நாற்பத்தோரு பெண்கள்.
ஸ்டீல் மேசையில் அவித்த நண்டு மலை.
ஓடு உடைகிற சத்தம்தான், பேச்சே இல்லை.
பேசினால் மூச்சு வாங்குகிறது என்று
பிறகு சொன்னாள் அலங்காரமேரி.

ஈ வரக்கூடாதென்று ஜன்னலெல்லாம் சிலிக்கான் பூச்சு.
கதவுக்கெல்லாம் ரப்பர்.
வெளிக்காற்றுக்கு ஒரு குழாய் இருந்தது, வரைபடத்தில்.
ஏணி போட்டு ஏறினேன்:
மெத்தைப் பஞ்சு திணித்து, மேலே தெர்மாகோல்.
"நான்தான் அடைச்சேன்." குரலில் கொஞ்சம் பெருமை.
"வெளியே முப்பத்தாறு. அதை உள்ளே விட்டு
காசு கொடுத்து ஆறவைக்கணுமா?"
கணக்கு சரிதான்.
மூச்சு அந்தக் கணக்கில் இல்லை.

என் மீட்டர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
கரியமிலவாயுவை மட்டும் எண்ணும்.
கடலோரம் நானூற்று இருபது.
நடு மேசையில் இரண்டாயிரத்து எண்ணூறு:
நாற்பத்தோரு நெஞ்சு விட்டதையே
நாற்பத்தோரு நெஞ்சும் திரும்ப வாங்குகிறது.
மூன்று மணிக்குத் தலைவலி வந்துவிடுமாம்,
ராமேஸ்வரம் பாசஞ்சரைவிடச் சரியாக.

மூலைக்குப் போகப் போக எண் இறங்கியது.
ஆயிரத்து எழுநூறு.
ஆயிரத்து நூறு.
மூன்றாம் கதவில் எழுநூற்று அறுபது.
கணுக்காலை உரசிக்கொண்டு குளிர் வெளியேறியது,
நெற்றிக்கு மேலே கச்சான் காற்று நுழைந்தது,
காயப்போட்ட கடற்பாசி வாசத்தோடு.
சட்டத்துக்கும் ரப்பருக்கும் இடையில்
ஒரு நீலச் செருப்பு. இடதுகால்.
குதிகால் தேய்ந்து வெள்ளை தெரிந்தது.

நான் தேடி வந்த ஒழுக்கு.

நிமிர்ந்தேன்.
நாற்பத்தோரு கத்திகளும் நின்றிருந்தன.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அந்த இடத்துக்கு அரைமணிக்கு ஒருத்தி என்று முறையாம்.
ஏழுமாத உமையாளுக்கு மட்டும்
முறை கிடையாது, எப்போதும் அவள் அங்கேதான்.

முதலாளிக்குப் படம் வரைந்து காட்டினேன்.
ஒரு பெட்டி, உள்ளே மெல்லிய தகடுகள்.
போகிற காற்று ஒருபக்கம், வருகிற காற்று மறுபக்கம்,
கலக்காது.
வீடு காலி செய்கிறவர் குடிவருகிறவரிடம்
சாவியைக் கொடுக்கிற மாதிரி
குளிரை மட்டும் கைமாற்றும்.
முக்கால்வாசி மிஞ்சும். பஞ்சைப் பிடுங்கிவிடலாம்.
"எவ்வளவு ஆகும்?"
சொன்னேன்.
ஜன்னலில்லாத சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"சீசன் முடியட்டும்."

அறிக்கையில் கசிவுகளுக்கு ஒரு கட்டம் உண்டு.
கம்ப்ரசர் அறை, கூரை மூட்டு, முதல் கதவு.
மூன்றாம் கதவுக்கு நேரே பேனா நின்றது.
பிறகு எழுதினேன்:
'காற்றோட்டம். தற்காலிக ஏற்பாடு. பெட்டி வரும்வரை அகற்றக் கூடாது.'

வெளியே செருப்பு விடும் இடத்தில்
நீல வலதுகால் ஒன்று
வெயிலில் கிடந்தது, ஜோடியில்லாமல்.